பக்கெட்டில் பாடிய பம்ப்

அத்தியாயம் 9

"கொன்னவன் பேரை மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் துப்பறியும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டோர் அக்கா சொன்னது இவ்வளவுதான். அழவில்லை. நான் கொடுத்த தண்ணீரையும் தொடவில்லை. பெரிய கார் ஒர்க்‌ஷாப் ஒன்றில் பதினாலு வருஷமாக உதிரி பாகங்களுக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே எல்லாருக்கும் அவள் 'ஸ்டோர் அக்கா'. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும்.

அவளுடைய ஒரே தம்பி மலை ஏற்றத்தில், மூன்றாவது வளைவில் செத்துப்போனான். பட்டப்பகலில், நடுரோட்டில் அவன் கார் திடீரென்று நின்றிருக்கிறது. வளைவில் அகலமாக இறங்கி வந்த லாரிக்கு ஒதுங்க இடமில்லை. அப்புறம் வந்த அதிகாரி, நசுங்கிய காருக்கு வெளியிலிருந்து பாட்டரி கொடுத்துப் பார்த்தார். பெட்ரோல் பம்ப் 'உய்ங்' என்று பாடியது. 'வண்டியில் குறையில்லை, ஓட்டியவரே நிறுத்தியிருக்கிறார்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். சாகத்தான் நிறுத்தினான் என்பதை அக்கம்பக்கத்து வாய்கள் இலவசமாகச் சேர்த்துக்கொண்டன.

"என் தம்பி சாக நினைக்கல. சாகறதுக்குப் பதினோரு நாள் முன்னாடிதான் அந்தக் காருக்குப் பம்ப்பும் ஃபில்டரும் மாத்தினான். பம்ப் நான் கொடுத்தது. நல்ல பம்ப். அதை அந்த ஃபோர்மேன் மாட்டவே இல்ல. ஏதோ குப்பையை மாட்டிட்டான்," என்றாள் ஸ்டோர் அக்கா. "எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணும்."

என் முதலாளி மேடம், வாயிலிருந்த கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "பேர் கிடைச்சா எழுத்துலயே தர்றேன்மா. ஆனா கிடைக்கற பேரைத்தான் தருவேன். கேக்கற பேரை இல்ல."

நானாக இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். சும்மா சொல்லவில்லை, எனக்குப் பழி வாங்குகிறவர்களைப் பிடிக்கும். மன்னிக்கிறவர்களைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கும். எனக்கு 'நெட்டை' என்று பேர் வைத்தவனையே நான் இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.

மேடம் வேறு ரகம். இருபது வருஷம் இன்சூரன்ஸில் சர்வேயர். நசுங்கிய கார்களை மதிப்பிட்டே தலை நரைத்தவர். மனுஷனைவிடக் கார் குறைவாகப் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி.

*

சனிக்கிழமை காலை பதினொன்று. ஒர்க்‌ஷாப்புக்குப் பின் தெருவில் ஃபோர்மேன் வீட்டு வாசல்.

இறந்தவன் ஓட்டிய அதே மாடல் கார்தான் ஃபோர்மேனிடமும் இருந்தது. டிக்கியில் பையை ஏற்றிக்கொண்டிருந்தார். முன்சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட அவருடைய அம்மா. பின்சீட்டில் பத்து வயது மகள்.

"மேடம், அம்மாவுக்குக் கண் காட்டணும். மலைக்கு அந்தப்பக்கம் ஆஸ்பத்திரி. ஒரு மணிக்கு டாக்டர் போயிடுவார்."

"அஞ்சே நிமிஷம். அந்தத் தம்பி வண்டியில நீங்க என்ன பம்ப் மாட்டினீங்க?"

"ஸ்டோர்ல கொடுத்ததைத்தான். மடியில கனமில்ல, எனக்கென்ன பயம்? போட்டோவே இருக்கு." போனை எடுத்துத் தள்ளினார். "எதை மாட்டினாலும் மாட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துடுவேன். நாளைக்கு ஒருத்தன் வந்து பழசை மாட்டிட்டேன்னு சொன்னா?"

போட்டோவில் காரின் நம்பர் பிளேட். அதன் மேல் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு உலோக உருளை. அதுதான் பம்ப் மோட்டார். பக்கத்தில் அது போய் உட்காரும் பிளாஸ்டிக் கூடு. உருளையின் விலாவில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு டிக். அதன் நீளக் கால் வலது பக்கம் ஏறாமல் இடது பக்கம் ஏறியிருந்தது.

"டிக் போட்ட மகராசன் பள்ளிக்கூடத்துல கண்ணாடியைப் பாத்துப் படிச்சிருப்பான் போல," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மேடம் அந்தப் போட்டோவை என் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

"அவன்கூட நீங்க சண்டை போட்டதா சொல்றாங்களே?"

ஃபோர்மேன் டிக்கியை மூடினார். "போட்டேன். நான் கத்துக்கொடுத்த பையன் மேடம். திடீர்னு ஒருநாள் தனியா கடை போடறேன்னு கிளம்பிட்டான். ஆத்திரத்துல, 'இந்த வண்டி எத்தனை நாள் உன்னைச் சுமக்குதுன்னு பாக்கறேன்'னு கத்தினேன். ஒர்க்‌ஷாப்பே கேட்டுது. அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துட்டான். ஸ்டோர் அக்கா அன்னையிலேர்ந்து என் முகத்தைப் பாக்கறதில்ல."

"இனிமே எங்க அப்பா போன்ல சைரன் அடிக்காது," என்றாள் பின்சீட்டிலிருந்து மகள்.

"என்ன சைரன்?"

"ஸ்டோர் அத்தை கூப்பிட்டா மட்டும் சைரன் அடிக்கும். வண்டி ஓட்டும்போது அப்பா யார் போனையும் எடுக்கமாட்டார். அத்தை போனை மட்டும் ஓரமா நிறுத்திட்டு எடுப்பார்."

ஃபோர்மேன் சங்கடமாகச் சிரித்தார். "அது ஒர்க்‌ஷாப் சட்டம் மேடம். ஸ்டோர்லேர்ந்து தப்பான பார்ட் வந்துட்டா அவ உடனே போன் பண்ணுவா. அப்ப கையில எது இருந்தாலும் போட்டுட்டு நிறுத்திடணும். பதினாலு வருஷத்துல நாலு தடவைதான் அடிச்சிருக்கு. அவ்வளவு சுத்தமான கை."

"அப்பா, பெட்ரோல் நாத்தம் தாங்கல," என்று மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மெக்கானிக் வண்டியில பன்னீரா மணக்கும்?" என்றேன் நான். பெருமையோடு நான் சொன்ன ஜோக் அது. அன்று பூராவும் அதை நினைத்து நானே என் தலையில் குட்டிக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, எடுக்கவில்லை. மறுபடி திருப்பினார். இழுத்து இழுத்து எடுத்தது.

"நேத்து கழுவப் போட்டிருந்தேன். எங்கயோ தண்ணி போயிருக்கு," என்று சொல்லிக்கொண்டே கையசைத்தார். பெட்ரோல் முள் அடியில் படுத்துக் கிடந்தது. எஞ்சிய சொட்டை நம்பி மலையைத் தாண்டி அந்தப்பக்கம் போய்த்தான் பெட்ரோல் போடுவாராம், அங்கே பங்க்கில் வரிசை இருக்காதாம்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

*

நசுங்கிய கார் ஒர்க்‌ஷாப் கொல்லையில் கிடந்தது. போலீஸ் விட்டதும் ஸ்டோர் அக்காவே இழுத்து வரச் சொல்லி வைத்திருந்தாள். முன்பாதி அப்பளம். பின்பாதியில் ஒரு கீறல் இல்லை.

"நெட்டை, அடியில படு. ஃபில்டரைக் கழட்டு."

"உயரமானவன்னு நினைச்சு கூப்பிடறீங்களா, குட்டையா இருக்கறதால அடியில போவேன்னு கூப்பிடறீங்களா?"

"வாயை மூடிக்கிட்டுப் படு. இல்லேன்னா துரு விழும்."

விழுந்தது. ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்தேன். கைக்கடக்கமான தகர டப்பா. ரம்பத்தால் அதைக் குறுக்கே அறுத்தார் மேடம். உள்ளே விசிறி மாதிரி மடித்த காகிதம். டீ வடிகட்டிய துணியின் நிறம்.

"பதினோரு நாள்லயே இவ்வளவு அழுக்கு. பதினஞ்சு வருஷத்து டேங்க், அடியில வண்டல். ஆனா அடைக்கல. ஃபில்டர் அடைச்சிருந்தா பம்ப் மூச்சு முட்டித் தள்ளியிருக்கும், ஏத்தத்துல வண்டி முக்கி முனகித்தான் நின்னிருக்கும். இது பொட்டுன்னு நின்ன வண்டி. இப்ப பம்ப்."

பின்சீட்டைத் தூக்கினோம். அதற்கு அடியில் சோற்றுத்தட்டு அளவு ஒரு மூடி. மூடியைத் திறந்து வளையத்தைத் திருகினால் பம்ப் கூடு மொத்தமாக மேலே வந்துவிடும். இருபது நிமிஷ வேலை. மேடம் அதைப் பதினைந்தில் முடித்தார்.

"பெட்ரோல்லயே முங்கிக் கிடக்கற மோட்டார் இது நெட்டை. இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளறதும் இதுதான். அந்தப் பெட்ரோல்தான் இதைக் குளிர வைக்கிறதும். டேங்க் காலியா ஓட்டினா இது சுட்டுக்கிட்டே ஓடும். உள்ள கரன்ட் கடத்தற கரித்துண்டு தேஞ்சுபோச்சுன்னா, சூடு ஏறினதும் நின்னுடும்."

"ஆனா அதிகாரி பாட்டரி கொடுத்தப்ப பாடிச்சே?"

"அதுதான் இதோட நடிப்பு. ஆறினா மறுபடி பாடும். ஜுரக்காரன் டாக்டரைப் பாத்ததும் தெம்பா உக்கார்ற மாதிரி. அந்த அதிகாரி வந்தப்ப எல்லாம் ஆறிப்போயிருந்தது." கூட்டைத் திருப்பினார். "இங்க பாரு."

கூட்டின் அடியில் ஒரு சல்லடைப் பை. டேங்க்கிலிருந்து வருகிற பெட்ரோல் முதலில் அதற்குள் நுழைந்துதான் பம்ப்புக்குள்ளேயே போகும். அது வெளுத்த வேட்டி மாதிரி பளிச்சென்றிருந்தது.

அறுத்த ஃபில்டரையும் அதையும் நான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "மூக்கு சுத்தமா இருக்கு, நுரையீரல் மட்டும் கறுத்திருக்கு. எப்படி?"

"மூக்கு புதுசு," என்றார் மேடம். கூட்டைப் பிரித்து மோட்டாரை வெளியே உருவினார். பளபளப்பு. டிக் இல்லை. "போட்டோவில இருந்த பம்ப் இது இல்ல. அவன் செத்த பிறகு யாரோ கூட்டோட எடுத்துட்டு, புதுசை வச்சிருக்காங்க."

எனக்கு ரத்தம் சூடேறியது. "ஃபோர்மேன்! குப்பைப் பம்ப்பைக் கழட்டிட்டு நல்லதை வச்சுட்டான். போட்டோவைக் காட்டி நம்மளையும் ஏமாத்திட்டான். மேடம், சொல்லுங்க, அக்காவுக்குப் போன் போட்டு..."

"மெக்கானிக் இப்படிச் செய்யமாட்டான். பதினோரு நாள் ஓடின பம்ப் எப்படி இருக்கும்னு அவன் கண்ணுக்குத் தெரியும். ஒரு கை டேங்க் அழுக்கைச் சல்லடையில பூசிவிட்டுத்தான் வைப்பான். வெள்ளைச் சல்லடை அவன் கண்ணை உறுத்தியிருக்கும்." மேடம் எழுந்தார். "பம்ப்னா டப்பாவுக்குள்ள வெள்ளையா இருக்கறதுதான்னு பழகின கை இது. புதுப் பம்ப் இருக்கற அலமாரிக்குச் சாவி வச்சிருக்கற கை."

கிராம்பைத் துப்பினார். அவர் கிராம்பைத் துப்பினால் விஷயம் பெரிது.

*

ஸ்டோர் என்பது கம்பிவலை போட்ட ஒரு கவுன்டர். உள்ளே கூரை வரை டப்பாக்கள். நாங்கள் போனபோது ஸ்டோர் அக்கா வேலையில் இருந்தாள். யாரோ திருப்பிக் கொடுத்த பம்ப் ஒன்று. தகர பக்கெட்டில் முக்கால்வாசி மண்ணெண்ணெய். பம்ப்பை அதில் முக்கி, பாட்டரி வயரைத் தொட்டாள். உய்ங் என்று பாடியது. வாய்க்குள் அறுபது வரை எண்ணினாள். துடைத்தாள். இடது கையால் மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து ஒரு டிக் போட்டாள்.

நீளக் கால் இடது பக்கம் ஏறியது.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம் போதுமாம்மா?" என்றார்.

"குறையுள்ள பம்ப் ஒரு நிமிஷத்துல அழுதுடும் மேடம். பாடினா நல்லது. நான் டிக் போட்டா இங்க யாரும் மறுபடி பாக்கமாட்டாங்க." அட்டை டப்பாவின் மூடிக் காதைக் கிழித்து எடுத்தாள். யாராவது பம்ப்பை வாங்கிக்கொண்டு போகும்போது அந்தக் காதில் அவர்கள் போன் நம்பரை எழுதிக் கம்பியில் குத்திவைப்பது அவள் வழக்கம். இரண்டு மாசத்துக்கு முன்னால் எங்கள் வண்டிக்கும் இங்கேதான் நான் பம்ப் வாங்கினேன். புதுசின் விலையில் பாதி. மேடத்திடம் பத்து நாள் பீற்றிக்கொண்டேன்.

"பேர் கிடைச்சுதா?" என்றாள் ஸ்டோர் அக்கா.

"முதல்ல நான் ஒண்ணு கேக்கறேன். தம்பி வண்டியிலேர்ந்து எடுத்த பழைய பம்ப் எங்க?"

அவள் கை நின்றது. மறைக்கப் பார்ப்பாள் என்று நினைத்தேன். இல்லை. நிமிர்ந்து மேடத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க மூணு வாரமா கண்டுபிடிக்கல. அதான் பம்ப்பையே கேட்டுடலாம்னு விட்டேன். நேத்து அவன் வண்டி கழுவ வந்துது. யாரும் பாக்காதப்ப பின்சீட்டைத் தூக்கி அதை அங்க மாட்டிட்டு, தம்பி வண்டியில புதுசு ஒண்ணை வச்சுட்டேன். அவன் மாட்டினதை அவனே ஓட்டட்டும். நல்ல பம்ப்னா அவன் யோக்கியன், ஒண்ணும் ஆகாது. குப்பைன்னா..." பற்கள் நறநறத்தன. "அதே ரோட்டுல அவனும் நிக்கட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை அவன் மலைக்கு அந்தப்பக்கம் போவான். தனியா."

பின்சீட்டுப் பெட்ரோல் நாற்றம். இரண்டு தடவை இழுத்த இன்ஜின். அடியில் படுத்த பெட்ரோல் முள். எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. கவுன்டர் சுவரில் மணி பதினொன்று ஐம்பது.

"தனியா இல்ல," என்றார் மேடம். "முன்சீட்டுல அவர் அம்மா. பின்சீட்டுல பொண்ணு. அரை மணியா ஓடிட்டிருக்காங்க. தம்பி எத்தனை நிமிஷத்துல நின்னான்?"

"நாப்பது..." என்றவள் முகம் வெளுத்தது. நான் அதற்குள் ஃபோர்மேனுக்குப் போன் போட்டுவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யார் கூப்பிட்டாலும் எடுக்காத மனுஷன்.

"அக்கா, நீங்க கூப்பிடுங்க! சைரன்!"

அவள் போனைப் பார்த்தாள். ஆனால் கை போனுக்குப் போகவில்லை.

"என் தம்பி நின்னப்ப யாரு சைரன் அடிச்சா?" என்றாள். "நான் கொடுத்த நல்ல பம்ப்பை எடுத்து வச்சுக்கிட்டு குப்பையை மாட்டினானே, அப்ப அவனுக்கு யார் ஞாபகமும் வரலையே."

இதுவரை பழி வாங்குகிறவர்களைப் பிடிக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த நிமிஷம் அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "நெட்டை, போட்டோ."

என் போனைக் கம்பிவலைக்குள் நீட்டினேன். தம்பி வண்டியின் நம்பர் பிளேட். அதன் மேல் மோட்டார். விலாவில் மஞ்சள் டிக்.

"அவர் மாட்டினது இதைத்தான்மா. வேற எதையும் இல்ல. நேத்து நீங்க கூட்டோட தூக்கி மாட்டினதால உள்ள இருக்கற மோட்டாரைப் பாக்கல. பாத்திருந்தா உங்க கையையே பாத்திருப்பீங்க. ஆறின பம்ப் ஒரு நிமிஷம் யாருக்கும் பாடும். நாப்பதாவது நிமிஷம்தான் அழும்."

ஸ்டோர் அக்கா போட்டோவைப் பார்த்தாள். பிறகு இப்போதுதான் டிக் போட்ட பம்ப்பைப் பார்த்தாள். மறுபடி போட்டோவை. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அழுகை இல்லை. அதற்கு எனக்குப் பேர் தெரியாது.

இடது கை போனைப் பாய்ந்து எடுத்தது.

ஒரு ரிங். இரண்டு ரிங். மூன்றாவது ரிங்கில் அந்தப்பக்கம், "என்னம்மா?" என்ற குரல். தம்பி செத்து ஐந்து வாரத்துக்கு அப்புறம் இருவருக்கும் முதல் பேச்சு.

"அண்ணா." மூச்சு வாங்கினாள். பதினாலு வருஷத்துச் சட்டம் அவள் வாயிலிருந்து தானாக வந்தது. "தப்பான பார்ட்டைக் கொடுத்துட்டேன். நிறுத்துங்கண்ணா."

"நிறுத்திட்டுத்தான் பேசறேன். சைரன் அடிச்சுதே. ரெண்டாவது வளைவுகிட்ட, ஓரமா, மரத்தடியில." ஒரு இடைவெளி. சாவி திருப்பும் சத்தம். மறுபடி. மறுபடி. "வண்டி எடுக்கலையே. செத்துப்போச்சு. எந்தப் பார்ட்டும்மா?"

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப்பக்கம் கார்க் கதவு திறந்து, 'எல்லாரும் இறங்குங்க' என்ற குரல் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

*

அம்மாவையும் மகளையும் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஃபோர்மேன் வந்து சேர மூன்று மணி ஆனது. ஸ்டோர் அக்கா அதுவரை உட்காரவில்லை. மேடமும் நின்றுகொண்டே இருந்தார். நானும்தான், அதிசயமாக.

ஃபோர்மேன் நேராகப் போய்ப் பின்சீட்டைத் தூக்கினார். கூட்டைப் பிரித்தார். மோட்டாரைக் கொண்டுவந்து கவுன்டரில், மஞ்சள் டிக் மேலே தெரிய வைத்தார்.

"பார்ட்டைத் திருப்பிக் கொடுக்கறேன். டெஸ்ட் பண்ணு."

"அண்ணா, என்னை அடிச்சுடுங்க. போலீஸ்ல சொல்லுங்க."

"சொல்லமாட்டேன். அடிக்கவும் மாட்டேன். அதெல்லாம் உனக்குச் சுலபம்." அவர் கண் சிவந்திருந்தது. "என் பொண்ணு பின்சீட்டுல இருந்தா. உன்னைச் சும்மா விடற ஆள் நான் இல்ல. டெஸ்ட் பண்ணு."

பக்கெட்டைச் சாய்த்து மண்ணெண்ணெயைக் கொட்டினார். அடியில் மூன்று விரல் அளவு மட்டும் விட்டார். காலி டேங்க்குக்குச் சமம். பம்ப்பை அதில் படுக்க வைத்தார். பாட்டரி வயரை அவளிடம் நீட்டினார்.

உய்ங் என்று பாடியது. நல்ல குரல்.

அவளை அறியாமல் உதடு எண்ண ஆரம்பித்துவிட்டது. அறுபது வந்தது.

"இங்கதான் டிக் போடுவே," என்றார் ஃபோர்மேன். "நீ டிக் போட்டா நானும் பாக்கமாட்டேன். பதினாலு வருஷமா பாத்ததில்ல. நான் மாட்டினேன், அவன் ஓட்டினான். இப்ப கேளு. பூராவும் கேளு."

நாங்கள் நாலு பேரும் நின்று கேட்டோம். பத்து நிமிஷம். எதிரே ஒரு மெக்கானிக் சுத்தியலால் தட்டுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இருபது நிமிஷம். மண்ணெண்ணெய் வாடை சூடேறிக் கண்ணைக் கரித்தது. யாரும் இருமக்கூட இல்லை. முப்பது. பாட்டின் சுருதி மெல்ல ஏறியது. முப்பத்தைந்தில் தம்பி வளைவுக்குள் நுழைந்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அதுவே தோன்றியிருக்க வேண்டும், வயரைப் பிடித்த கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஃபோர்மேன் அந்தக் கையைப் பிடித்து அசையாமல் வைத்தார்.

முப்பத்தெட்டாவது நிமிஷம், நாற்பத்தொரு நொடி. இருமலில்லை, முனகலில்லை. நின்றது.

அவள் பக்கெட்டுக்குள் கையை விட்டுப் பம்ப்பைத் தொட்டாள். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

"அவன் நிறுத்தல," என்றாள். "பாத்தீங்களா, அவன் நிறுத்தல."

"இல்லம்மா," என்றார் மேடம். பையிலிருந்து வெள்ளைக் காகிதமும் பேனாவும் எடுத்தார். "அதை எழுத்துல தர்றேன். ஊருக்கே படிச்சுக் காட்டலாம். நீங்க கேட்ட பேரையும் எழுதித் தரணுமா?"

"வேண்டாம் மேடம்." மஞ்சள் டிக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதான் நானே எழுதியிருக்கேனே."

ஃபோர்மேன் கவுன்டருக்குப் பின்னால் கையைக் காட்டினார். கம்பியில் குத்திய டப்பாக் காதுகள், ஒரு முழ உயரத்துக்கு. "இந்த மாதிரி இதுவரைக்கும் எத்தனைக்கு டிக் போட்டிருக்கே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. எங்களுக்கும். எங்கே எங்கேயோ, எந்த எந்த ஏற்றத்திலோ, பின்சீட்டில் யார் யாரோ.

கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே போனை எடுத்தாள். முதல் காதை உருவினாள். நம்பரைப் போட்டாள்.

"ஒர்க்‌ஷாப் ஸ்டோர்லேர்ந்து பேசறேங்க. தப்பான பார்ட்டைக் கொடுத்துட்டேன். வண்டியை எடுக்காதீங்க."

அடுத்த காது. "தப்பான பார்ட்டைக் கொடுத்துட்டேன். எங்க இருந்தாலும் ஓரமா நிறுத்துங்க."

அடுத்தது. அடுத்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னாள், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ஃபோர்மேன் சுவரில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றையும் கேட்டார். அவர் கேட்ட பழி அதுதான். மேடம் ஜன்னல் வழியாக வெளியே நிற்கும் எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது காதை உருவி நம்பரைப் போட்டாள்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

மூன்றடி தூரத்தில் நின்று அவள் என்னைப் பார்த்தாள். நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன். சொல்ல ஒரு ஜோக் தேடினேன். கிடைக்கவில்லை.

"சொல்லுங்கக்கா," என்றேன்.